முதல் நாவலை எழுதி முடித்தாயிற்று, இனி யாரிடம் கொடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பவானிக்காரர். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் போடும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை நான்கு வருடமாக எழுதி, போன வாரம்தான் முடித்திருக்கிறீர்கள். மொத்தம் 94,000 சொற்கள். எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்புவது, அனுப்பினால் கதையைத் திருடிவிடுவார்களா, எவ்வளவு பணம் புரட்ட வேண்டும், கொங்குப் பேச்சைப் பொதுத்தமிழாக மாற்றச் சொல்லித் தோழி வற்புறுத்துகிறாரே அது சரியா, புனைபெயர் வைத்துக்கொள்ளலாமா என்று ஐந்து கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஐந்துக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஆறாவது கேள்வி ஒன்று இருக்கிறது: இது உண்மையிலேயே முடிந்துவிட்டதா? அதற்குப் பதில் தெரியாமல் மற்ற ஐந்தையும் பேசிப் பயனில்லை.

கோவையில் இருந்துகொண்டு இருபத்திரண்டு வருடமாகப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறேன், கைப்பிரதிகளைச் செம்மை செய்து கொடுக்கிறேன். நானும் இரண்டு நாவல்கள் எழுதியிருக்கிறேன். உங்கள் நாவலை நான் வாசிக்கவில்லை. அதனால் அது நல்ல நாவலா என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. முதல் நாவல்கள் பொதுவாக எந்த இடத்தில் தடுக்கி விழும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

முடிந்த வாரத்திலேயே அனுப்ப வேண்டும் என்று கை பரபரக்கும். அனுப்பாதீர்கள். தமிழ்ப் பதிப்புலகில் மெய்ப்புப் பார்க்க ஆள் உண்டு. நாவலைப் பிரித்து, இந்த அத்தியாயம் வேண்டாம், இந்தப் பாத்திரம் இங்கே பேசாது என்று உட்கார்ந்து பேசும் பதிப்பாசிரியர்கள் மிகக் குறைவு. க்ரியா பதிப்பகத்தை நடத்திய ராமகிருஷ்ணன் அப்படி வேலை செய்தவர். ஒரு பிரதியோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். அவர் 2020இல் காலமானார். அந்த மாதிரி ஒருவர் கையில் உங்கள் பிரதி போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம். சேராது என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். நீங்கள் அனுப்பும் பிரதிதான் ஏறக்குறைய அப்படியே அச்சாகும்.

ஆகவே ஆறு வாரம் அந்தக் கோப்பைத் திறக்காமல் இருங்கள். ஆறு என்பது சட்டமில்லை, எனக்குப் பழகிய கணக்கு. எழுதியது மனதில் கொஞ்சம் மங்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஒரு பக்கமாக மட்டும், வரிகளுக்கு நடுவே இடம் விட்டு, அச்செடுத்துக்கொள்ளுங்கள். திரையில் வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டே போகிறது, தாளில் நிற்கிறது. வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. உங்களுக்கே அலுத்து இரண்டு பத்தி தாண்டிப் போகிறீர்களா, அந்த இடத்தில் இரண்டு கோடு. முதல் சுற்றில் எதையும் திருத்த வேண்டாம்.

நான் பார்த்த முதல் நாவல்களில் திரும்பத் திரும்ப வருவது தொடக்கத்துக் குறை. ஊருக்கு எப்படிப் போவது, வாய்க்கால் எங்கே திரும்புகிறது, கோயில் எந்தத் திசை, தாத்தாவின் தாத்தா எங்கிருந்து வந்தார் என்று இரண்டு அத்தியாயம் ஓடும். மூன்றாவதில்தான் யாராவது ஒருவருக்கு ஏதாவது நடக்கும். அந்த இரண்டும் எழுதுகிறவர் தனக்காக எழுதிக்கொண்டது; ஊருக்குள் நுழைய அவருக்கு அது தேவைப்பட்டது. வாசகருக்குத் தேவையா என்று பாருங்கள். மூன்று தலைமுறைக் கதைகளில் இன்னொன்றும் நடக்கும். தாத்தாவின் காலத்துக்கு 180 பக்கம், அப்பாவுக்கு 140, கடைசித் தலைமுறைக்கு 60. எழுதுகிறவர் களைத்துப்போனது பக்கக் கணக்கிலேயே தெரிந்துவிடும். உங்கள் பிரதியில் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை பக்கம் என்று எண்ணிப் பாருங்கள். கடைசிப் பகுதி சுருங்கியிருந்தால், நாவல் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

அடுத்து ஒரு நோட்டில் காலவரிசை போடுங்கள். விவசாயக் கதைக்கு இது உயிர். மஞ்சளை வைகாசி, ஆனியில் நட்டால் தை, மாசியில்தான் வெட்ட முடியும். ஒரு கல்யாணத்தை ஆவணிக்கு நகர்த்திவிட்டு அதே வாரத்தில் வேகவைத்த மஞ்சளைக் களத்தில் காயப்போட்டிருந்தால் கொடுமுடியில் ஒரு வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். காலத்தையும் இதே மாதிரி சரிபார்க்க வேண்டும். 1979இல் பெரியார் மாவட்டம் என்று பிரியும்வரை உங்கள் ஊர் கோயமுத்தூர் ஜில்லா. ஈரோடு மாவட்டம் என்ற பெயர் அதற்கும் பிறகுதான் வந்தது. 1957க்கு முன்னால் மண்டியில் காசு எண்ணினால் அணாக் கணக்குதான். பவானிசாகர் அணை 1955இல் முடிந்தது, ஆக 1940களில் இளைஞராக இருக்கும் தாத்தா பாத்திரம் அந்த அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்காலில் குளிக்க முடியாது. இவை சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரு தப்பு கண்ணில் பட்டுவிட்டால், சரியாக எழுதிய முந்நூறு பக்கத்தையும் வாசகர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

இப்போது பேச்சுமொழிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் பதறவைத்தது இதுதான். தோழி நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். கேட்காதீர்கள். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வந்தது. கொங்குக் குடியானவர்களின் பேச்சு அதில் அப்படியே இருக்கிறது, எண்பது வருடம் தாண்டியும் மதுரைக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் அதைப் படிக்கிறார்கள். இட்டேரி, பொடக்காலி, போசி, வட்டல், ஒறம்பரை, பொழுதோட, எச்சா – இவற்றை எடுத்துவிட்டு வேறு சொல் வைத்தால் அந்த வீடே வேறு வீடாகிவிடும். அடிக்குறிப்பு போடவும் அவசரப்பட வேண்டாம். ‘ஒறம்பரை வந்திருக்குது, ஒரு போசி தண்ணி மோந்துட்டு வா’ என்று ஒருவர் சொன்னால் எந்த ஊர்க்காரருக்கும் புரிந்துவிடும்.

ஆனால் வட்டாரமொழி எழுதுவதில் ஒழுங்கு வேண்டும். ஒறம்பரை, ஒரம்பரை, உறம்பரை என்று மூன்று விதமாக ஒரே நாவலில் எழுதியிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு தனித்தாளில் அகரவரிசையில் எழுதிவைத்துக்கொண்டு, கடைசிவரை அதையே பிடியுங்கள். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வந்தது, கிடைத்தால் பக்கத்தில் இருக்கட்டும். பொதுச்சொற்களுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போதும். கதை சொல்லும் குரல் பேச்சுமொழியிலா, எழுத்துமொழியிலா என்பது உங்கள் விருப்பம். எதுவானாலும் நடுவில் மாறக்கூடாது.

‘ங்கோ’வைப் பற்றி ஒரு வார்த்தை. சினிமா பார்த்துவிட்டு எல்லோருக்கும் எல்லா வாக்கியத்திலும் ‘ங்கோ’ போடுகிறார்கள். உங்கள் ஊரில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? ‘வாங்’, ‘ஏனுங்’, ‘சொல்லுங்’ என்று பாதியில் நிற்கும் அந்த ஒலியைக் காதால் கேட்டு எழுதுங்கள். இன்னும் முக்கியமானது, யார் யாரிடம் அந்த ‘ங்’ போடுகிறார்கள் என்பது. மஞ்சள் வெட்ட வந்த எழுபது வயதுக்காரர் பன்னிரண்டு வயதுப் பண்ணையக்காரர் வீட்டுப் பையனிடம் எப்படிப் பேசினார், அந்தப் பையன் அவரை எப்படிக் கூப்பிட்டான்? தாத்தா காலத்தில் ஒரு மாதிரி இருந்திருக்கும், கடைசித் தலைமுறையில் வேறு மாதிரி ஆகியிருக்கும். அந்த மாற்றத்தைப் பேச்சிலேயே காட்டிவிட்டால் சாதியைப் பற்றித் தனியாக ஒரு பத்திகூட எழுத வேண்டியதில்லை. நல்லது செய்கிறேன் என்று அதைப் பூசி மெழுகினால் மட்டும் நாவல் பொய்யாகிவிடும்.

என் முதல் நாவலில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னைப் புத்தகக் காட்சிக்குள் புத்தகம் வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் கடைசி மெய்ப்பை நான் பார்க்கவில்லை. பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தவர் வேறு வட்டாரத்துக்காரர். ‘நோம்பி’ என்ற சொல்லை எழுத்துப்பிழை என்று நினைத்து, புத்தகம் முழுக்க ‘நோன்பு’ என்று திருத்திவிட்டார். நமக்கு நோம்பி என்றால் திருவிழா. ‘மாரியம்மன் நோம்பிக்குக் கெடா வெட்டுனாங்க’ என்று நான் எழுதியது ‘நோன்புக்குக் கெடா வெட்டுனாங்க’ என்று அச்சாகி வந்தது. முப்பது நாற்பது இடத்தில். அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்த தமிழில் அது பிழைதான். சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, இவற்றைத் தொட வேண்டாம் என்று எழுதியிருக்க வேண்டியவன் நான். கடைசி மெய்ப்பையும் நானே பார்த்திருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்க இன்றும் எனக்கு மனம் வருவதில்லை.

திருத்திய பிரதியை மூன்று பேரிடம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒருவர் மஞ்சள் விவசாயமோ மண்டி வியாபாரமோ தெரிந்தவராக இருக்கட்டும். விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் விலை வித்தியாசம் அவருக்குத்தான் தெரியும். ஒருவர் கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர். இன்னொருவர் நிறைய நாவல் படிப்பவர், உங்களுக்கு நெருங்கிய உறவாக இல்லாதவர். ‘நல்லாருக்குதா’ என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், யாருடைய பெயர் குழம்பியது என்று கேளுங்கள். மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே குறை இருக்கிறது. அவர்கள் சொல்லும் தீர்வு மட்டும் பெரும்பாலும் சரியாக இருக்காது. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கணினி வேலை சுருக்கமாக. யூனிகோடில், ஒரே வேர்டு கோப்பாக, பக்க எண்ணோடு இருக்கட்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த அத்தியாயங்கள் இருந்தால் மாற்றிக்கொண்டு ஒரு தடவை முழுசாகப் படியுங்கள், மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறும். ஒற்றுப் பிழைக்கு ‘நாவி’, சொற்பிழைக்கு ‘வாணி’ என்று நீச்சல்காரன் உருவாக்கிய இணையச் செயலிகள் உதவும். உரையாடல்களில் அவை சொல்லும் திருத்தத்தை ஏற்க வேண்டாம், நோம்பி கதைதான் அங்கேயும்.

சரி, யாருக்கு அனுப்புவது? ஆங்கிலத்தில் வரும் அறிவுரைகளைப் படித்திருப்பீர்கள் போலிருக்கிறது, எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்தோடு பேச முகவர் வேண்டுமா என்றும் நடுவில் எழுதியிருக்கிறீர்கள். தமிழில் எழுத்தாளர்கள் பதிப்பகத்துக்கு நேராகத்தான் அனுப்புகிறார்கள். பெயர் பட்டியல் கொடுத்தால் அதையே நகல் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுவீர்கள் என்பதால் வழி மட்டும் சொல்கிறேன். ஜூலையில் கோவை கொடிசியா வளாகத்தில் புத்தகத் திருவிழா, ஆகஸ்டில் உங்கள் ஈரோட்டிலேயே மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் புத்தகத் திருவிழா. இரண்டுக்கும் போங்கள். ஒவ்வொரு கடையிலும் கடந்த இரண்டு வருடத்தில் வந்த புது ஆட்களின் நாவல்களை எடுத்துப் பாருங்கள். தாள், கட்டு, அச்சுப்பிழை, அட்டை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். உங்கள் நாவல் எந்த அலமாரியில் கூச்சமில்லாமல் நிற்கும் என்று தோன்றுகிறதோ அந்த இரண்டு மூன்று பதிப்பகங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில்தான் எல்லாம் என்று நினைக்க வேண்டாம். கோவையில் விஜயா பதிப்பகமும் விஷ்ணுபுரம் பதிப்பகமும் இருக்கின்றன, பொள்ளாச்சியில் எதிர் வெளியீடு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ரசனை வேறு, அவர்கள் போட்ட நாவலில் ஒன்றையாவது படித்துவிட்டு எழுதுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். நீங்கள் யார், நாவல் எதைப் பற்றி, எத்தனை சொற்கள், முடிவு உட்படக் கதைச்சுருக்கம் இரண்டு பத்தி. முடிவை மறைக்காதீர்கள், படிப்பவர் சினிமா பார்க்க வரவில்லை. ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பினால் அதையும் சொல்லிவிடுங்கள். சென்னைப் புத்தகக் காட்சி தை மாதத்தையொட்டி ஜனவரியில் வரும். அக்டோபரிலிருந்து எந்தப் பதிப்பகத்திலும் புதுப் பிரதியைப் புரட்ட நேரமிருக்காது. பிப்ரவரி முதல் மே வரை அனுப்புவது நல்லது என்பது என் அனுபவம். மூன்று மாதம் பதில் வராவிட்டால் ஒரு முறை மரியாதையாகக் கேளுங்கள். பதிலே வராமல் போவதும் சகஜம், அதை வைத்து நாவலை எடை போட வேண்டாம்.

பணம் பற்றி. உங்கள் நாவலை நம்பி எடுக்கும் பதிப்பகம் உங்களிடம் பணம் கேட்காது. அச்சுக்கூலியை நீங்கள் கொடுத்தால் பதிப்பகத்துக்கு அதை விற்க வேண்டிய அவசரம் இல்லாமல் போகிறது. புத்தகப் படிகள் உங்கள் வீட்டு அட்டாரியில்தான் சேரும். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியர் நகையை அடகு வைத்துப் போட்டார், பாதிக்கு மேல் இன்னும் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. பதிப்பகத்தின் தரப்புக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். டெம்மி என்கிற வழக்கமான புத்தக அளவில் பக்கத்துக்கு 230 சொல் என்று வைத்தால் உங்கள் நாவல் 400 பக்கத்தைத் தாண்டும். 16 பக்கம் ஒரு ஃபாரம்; ஆக இருபத்தைந்து, இருபத்தாறு ஃபாரம். புது எழுத்தாளரின் கனமான புத்தகத்துக்கு விலை வைப்பது அவர்களுக்குச் சிரமம். இருபதாயிரம் சொல் குறைந்தால் ஐந்தாறு ஃபாரம் குறையும். இதற்காக வெட்டச் சொல்லவில்லை. எப்படியும் வெட்ட வேண்டிய இரண்டு கோடு போட்ட இடங்களை வெட்டத் தயங்காதீர்கள் என்கிறேன். உரிமைத்தொகை (ராயல்டி) விலையில் 10 சதவீதம் என்பது வழக்கம். பலர் பணத்துக்குப் பதிலாகப் படிகள் தருகிறார்கள். எதுவென்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். நீங்களே வெளியிடுவதானால் புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் கட்டணம் இல்லை, ஒன்றிய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமையில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எண் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

திருட்டைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறீர்கள். எழுதி முடித்தபோதே பதிப்புரிமை உங்களுடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 வருடமும் அது நிற்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை. மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதியோடு சாட்சி இருக்கும். புது ஆளின் முழு நாவலை ஒரு பதிப்பகம் திருடியதை நான் பார்த்ததில்லை. நான் அதிகம் பார்த்தது, ஆசையில் எழுத்தாளரே எல்லா உரிமையையும் எழுதிக்கொடுத்துவிடுவதுதான். ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும், எந்த நிலப்பகுதிக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதவில்லையென்றால், ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது உங்களிடமே திரும்பிவிடும். அச்சு உரிமையை மட்டும், காலம் குறித்துக் கொடுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் தனித்தனியாக இருக்கட்டும். திரைப்பட உரிமை பேச யாராவது வந்தால் என்னிடம் கேட்காதீர்கள், வழக்கறிஞரிடம் போங்கள்; அது என் எல்லைக்கு வெளியே.

உங்கள் கேள்வியில் ஓரமாக ஒரு வரி இருந்தது: பெரிய மாமனாரின் நிலத்தகராறு கதையில் வருகிறது, ஊர்க் கோயிலின் பெயரும் அப்படியே வருகிறது என்று. பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் இப்போதே மாற்றுங்கள். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது; எதிர்ப்பு கிளம்பியது நான்கு வருடம் கழித்து, 2014 கடைசியில். சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் எழுத்தாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் துணை நின்றாலும் நடுவில் அந்த ஒன்றரை வருடத்தை ஒரு மனிதர் வாழ்ந்து கடக்க வேண்டியிருந்தது. பயந்து கதையை மாற்றச் சொல்லவில்லை. கதைக்குத் தேவையில்லாத நிஜப் பெயர் ஒன்றுகூட இருக்க வேண்டாம் என்கிறேன். தேவை என்று நீங்கள் உறுதியாக நினைப்பது இருக்கட்டும், அதைப் பதிப்பகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புனைபெயர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் மட்டும் சொந்தப் பெயரும், இன்ன பெயரில் எழுதுகிறவர் என்பதும் இரண்டும் இருக்க வேண்டும். புனைபெயருக்குப் பின்னால் யார் என்று எங்கும் வெளியாகாத புத்தகத்துக்குப் பதிப்புரிமைக் காலம் வெளியான வருடத்திலிருந்துதான் எண்ணப்படும், ஆயுள் கணக்கு வராது. மாமியார் வீட்டில் என்ன சொல்வார்களோ என்பதற்காக மட்டும் புனைபெயர் என்றால், அந்த முடிவை அச்சுக்குப் போகும் வாரம் வரை தள்ளிப்போடுங்கள். அட்டையில் பெயர் கடைசியில்தான் ஏறும்.